தள்ளிப்போன திங்கட்கிழமை

முன்னாள் பிரதமர் ஒருவர் இறந்த மறுநாள் காலை, நாடு முழுவதும் ஏழு நாள் துக்கம் என்று டயாலிசிஸ் அறையின் தொலைக்காட்சியில் சொன்னார்கள். 2024 டிசம்பரின் கடைசி வெள்ளிக்கிழமை அது. இடக்கையில் இரண்டு ஊசிகளோடு படுத்திருந்த நாச்சிமுத்து தலையைத் தூக்கினார்.

"ஏனுங்க சிஸ்டர், திங்கக்கெழம இருக்குமுங்களா?"

மெஷினில் ஓடிய எண்களைக் குறித்துக்கொண்டிருந்த ரோஸ்மேரி திரும்பினாள். "என்ன இருக்குமுங்களா?"

"இல்லீங்க... லீவு கீவு உட்டுட்டாங்கன்னா."

"துக்கமெல்லாம் கொடிக்குத்தானுங்க. அது பாதிக் கம்பத்துல பறக்கும். மெஷினு முழுசா ஓடும், படுங்க."

பக்கத்துப் படுக்கையிலிருந்த ராக்கையா சிரித்தார். கமுதிப் பக்கத்திலிருந்து இருபது வருடத்துக்கு முன் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகளில் அயர்னிங் மாஸ்டராக இருந்தவர். "எம்புட்டுப் பெரிய மனுசன் செத்துக் கெடக்காக. ஒனக்கு ஒன் திங்கக்கெழம! நல்லா வருவடா தம்பி."

நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதால் கேள்வி போய்விடவில்லை. மெஷினிலிருந்து எழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வரும்போது, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. நடுத்தர அளவு கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். துணியை அறுபது எழுபது அடுக்காக மேசையில் விரித்து, மேலே அளவு வரைந்து, கத்தி மெஷினை ஓட்ட வேண்டும். கை ஒருமுறை நடுங்கினால் எழுபது பனியன் வீண். அவர் கை நடுங்கியதில்லை. அதைத் திறமை என்பதைவிட, ஒரே வேலையை இருபத்தைந்து ஆண்டு செய்ததன் விளைவு என்று சொல்வதே சரி. நல்ல வேலைக்காரர் என்று முதலாளி சொல்வார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டார். வேலம்பாளையத்தில் வாடகை வீடு. மனைவி மயிலாள் வேறொரு கம்பெனியில், தைத்ததில் குறை தேடும் செக்கிங் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தது ஒரே அக்கா, காளியாத்தாள். உடுமலைப்பேட்டைக்கு அருகே தென்னந்தோப்பில் தனியாகக் குடியிருக்கிறவள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தத்தில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை டயாலிசிஸ். அறக்கட்டளை ஒன்று நடத்தும் மையம் அது. காப்பீட்டு அட்டையில் எல்லாம் நடந்தது. பதினொன்றரைக்குக் கம்பெனிக்குப் போய்விடுவார்.

பயம் பிறகுதான் வந்தது. அதற்கு ஒரு நாள் உண்டு. 2024 தீபாவளி வியாழக்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமைக்கும் அரசு விடுமுறை விட்டது. எல்லாரும் ஊருக்குப் போகிறார்களே என்று அவரும் ஒரு தடவை டயாலிசிஸை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். பலகாரம் தின்றார், தாகம் எடுத்தது, தண்ணீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டதென்று சொல்லி, ஆம்புலன்ஸில் உட்கார்ந்தபடியே திருப்பூர் கொண்டுவந்தார்கள். காற்று சுற்றிலும் இருந்தது, உள்ளே போகவில்லை. தரையில் நின்றுகொண்டே முங்குவது எப்படியிருக்கும் என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் இரண்டுக்குத்தான் பயந்தார். ஒன்று தண்ணீர். இன்னொன்று விடுமுறை. ஒரு நாளைக்கு ஒரு சிறிய பாட்டில், அதற்குள் டீயும் ரசமும் அடங்க வேண்டும். விடுமுறை அப்படி அளவுக்குள் வரக்கூடியதாக இல்லை. பண்டிகையாவது முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருகிறது. தலைவர்களின் மரணம், கடையடைப்பு, போர் ஆகியவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு நாடு மொத்தமும் தன் திங்கட்கிழமையைப் பறிக்கக்கூடும் என்பதை அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. நாமும் நினைப்பதில்லை, நம் உயிர் கிழமையில் தொங்குவதில்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டை அவர் வாழ்ந்தார் என்பதைவிடத் தாண்டினார் என்பது பொருத்தம். மாட்டுப் பொங்கல் புதன்கிழமை வந்தது. மையத்தில் ஆள் குறைவென்று நான்கு மணி நேரத்தை மூன்றாகச் சுருக்கினார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அடுத்த வெள்ளி வரை உடம்பில் தேடிக்கொண்டிருந்தார். குடியரசு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்ததில் அவருக்கு இருந்த மகிழ்ச்சி வேறு எந்தக் குடிமகனுக்கும் இருந்திருக்காது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் சித்திரைப் பிறப்பு திங்களும் பெரிய வெள்ளியும் அடுத்தடுத்து வந்தன. இரண்டுக்கும் மையம் திறந்திருந்தது. அதற்கு அடுத்த புதன்கிழமை தொலைக்காட்சியில் இரண்டு செய்திகள் மாறி மாறி ஓடின. போப்பாண்டவர் இறந்தது, காஷ்மீரில் சுற்றுலாப் போனவர்களைச் சுட்டுக் கொன்றது. ரோஸ்மேரியின் கண் வீங்கியிருந்தது. நாச்சிமுத்து அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம இருக்கறேனுங்க," என்றாள் அவள், அவர் கேட்காமலே. "ரோமுக்குப் போக எனக்கு யாரும் டிக்கெட்டு போடல."

மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. போர் ஒத்திகை, விளக்கணைப்பு என்று செய்தி வந்தது. கரண்ட்டை நிறுத்துவார்களாமே என்று அறை முழுக்கப் பேச்சு. மெஷினுக்குள் தன் இரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவர் மூன்று தடவை கேட்டார். ஜெனரேட்டர் இருக்கிறது, அதுவும் நின்றால் கைப்பிடியைச் சுற்றி இரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிடலாம் என்று ரோஸ்மேரி காட்டினாள்.

"ராவல்பிண்டியிலருந்து குண்டப் போட வர்றவன், ஒன் மிஷினு எந்தத் தெருவுலன்னு விசாரிச்சுக்கிட்டா வருவான்?" என்றார் ராக்கையா.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களாண்ணா?"

"இருக்கு. அதுக்குன்னு தெனமும் சோறு போட்டு வளக்கல."

அந்தச் சண்டை ஒரு சனிக்கிழமை நின்றது. ஜூனில் அகமதாபாத்தில் விமானம் விழுந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை அறை முழுக்க ஐயோ பாவம் என்ற பேச்சு; கரும்புகையை மறுபடி மறுபடி காட்டினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை திரையின் கீழே ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் கண் தற்செயலாக ஜன்னலோரப் படுக்கைக்குப் போனது. சுப்பையன் என்று மூலனூர்க்காரர் ஒருவர் இரண்டு வருடமாகப் படுத்திருந்த இடம். விரிப்பு மாற்றியிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரோஸ்மேரியும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அதில் புதிய ஆள் படுத்திருந்தார். அந்த அறையில் அதுதான் வழக்கம். தூரத்துச் சாவுக்கு வாய்விட்டு வருந்துவார்கள். பக்கத்துச் சாவை விரிப்போடு மடித்துவிடுவார்கள். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லத் தோன்றும். வாரத்தில் மூன்று நாள் அங்கே படுத்துப் பார்த்தவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஜூலையில் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம் புதன்கிழமை. பஸ் ஓடாது என்று முடிவு செய்து, விடியும் முன்பே எழுந்து நான்கு கிலோமீட்டர் நடந்தார். பாதி வழியில் டவுன் பஸ் ஒன்று காலியாக அவரைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ஏறியிருக்கலாம், இனி ஏறினால் நடந்தது வீண் என்று தோன்றியதாலோ என்னவோ, நடந்தே போனார். ராக்கையா இந்தக் கதையை ஒரு மாதம் வைத்துச் சிரித்தார்.

ஆகஸ்டு கடைசியில் அமெரிக்கா வரியை ஐம்பது விழுக்காடாக்கியது விநாயகர் சதுர்த்தியன்று, புதன்கிழமை. கம்பெனியில் வெட்டி வைத்த துணி வெட்டியபடியே கிடந்தது. பெட்டி கட்டிய சரக்கு நகரவில்லை. ஊரே அதைப் பற்றிப் பேசியபோது, வாரத்தில் மூன்று நாள் வேலை என்று ஆனதில் நாச்சிமுத்து மற்றவர்கள் அளவுக்குக் கலங்கவில்லை. அவர் பயத்தில் இன்னொன்றுக்கு இடமில்லை. செப்டம்பர் கடைசியில் கரூரில் கூட்ட நெரிசலில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு வந்த திங்கட்கிழமை, ராக்கையாகூட வேடிக்கை பேசவில்லை. "பச்சப் பிள்ளைகளப்பா," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி அக்டோபருக்கு வந்துவிட்டார். ஆயுத பூஜை புதன்கிழமையைச் செவ்வாய்க்கு முன்தள்ளினார்கள், அதுவும் கழிந்தது. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து எழுந்து வந்தவர், சுவரில் புதிய தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். தீபாவளி திங்கட்கிழமை மையம் இயங்காது; திங்கட்கிழமைக்காரர்கள் செவ்வாய் வரவும்.

அவர் விரலை மடித்தார். சனி, ஞாயிறு, திங்கள். செவ்வாய் விடிந்தால் நான்காவது நாள்.

"ஞாயித்துக்கெழம வெக்கக் கூடாதுங்களா சிஸ்டர்?"

"டெக்னீசியன் ரெண்டு பேரும் ஊருக்குப் போறாங்க. தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டையும் அன்னிக்குத்தான் களுவறாங்க. நானும் தாராபுரம் போறேனுங்க, எங்கம்மாவப் பாத்து மூணு மாசமாச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நாளுதானுங்க தள்ளுது. வாயக் கட்டிக்கங்க. ஒன்னும் ஆகாது."

"வாயக் கட்டறதுன்னா அவன் பாட்டிலயும் சேத்துக் கட்டிருவான்," என்றார் ராக்கையா. அவர் அன்று மதியமே பேரப்பிள்ளைகளோடு கமுதி கிளம்புகிறவர். செவ்வாய்க்கிழமை கூட இல்லை, புதன்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை மூலனூரிலிருந்து போன் வந்தது. மயிலாளின் அப்பா மருதாசலம் இறந்துவிட்டார். எண்பத்தொரு வயது. முருங்கைத் தோட்டத்தில் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை.

மயிலாள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து பையில் துணி எடுத்து வைத்தாள். அந்த வீட்டுக்கு ஒரே மருமகன் நாச்சிமுத்து. மாமனார் உடம்பின் மேல் அவர் கையால்தான் கோடித்துணி போட வேண்டும். வெயிலில் மயானம் வரை நடக்க வேண்டும், தலைக்கு ஊற்ற வேண்டும், வருகிறவர்கள் கொடுப்பதை மறுக்காமல் வாங்க வேண்டும். இதெல்லாம் அவர் மனதில் ஒரு நொடியில் ஓடியது. இழவு வீட்டில் எத்தனை டம்ளர் டீ வரும் என்பது உட்பட. வாசலில் செருப்பை மாட்டிய மயிலாள் நின்றாள். அவர் ஏதாவது சொல்வாரென்று காத்திருந்தாள் என்று பிறகு அவருக்குப் புரிந்தது. அப்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரவேண்டாமுங்க," என்றாள் கடைசியில். "கோடிய நானே போட்டுக்கறேன். கேக்கறவங்களுக்கு நாஞ் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லும் முன் அவளே சொல்லிவிட்டதில் அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதியை அவர் எந்நாளும் மறக்கப்போவதில்லை.

பஸ் நிலையத்திலிருந்து மயிலாள் காளியாத்தாளுக்குப் போன் செய்தாள். மூன்று நாளைக்கு வந்து கூட இருங்கள் என்றாள். சுற்றிலும் தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சல். "தண்ணி மட்டும் பாத்துக்கங்க. கெஞ்சிக் கேட்டாலும் குடுத்துராதீங்க. போன தீவாளிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்லீங்க..." பஸ் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னாள். மீதிப் பாதியை மூன்று ஆண்டுகளாக அவள் யாரிடமும் சொன்னதில்லை, நாச்சிமுத்துவிடமும். ஏனென்றால் அடுப்படி அவளுடையது. காய்களை நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தாளித்துத்தான் அவருக்கு வைப்பாள். கீரை வாங்கவே மாட்டாள். உணவு ஆலோசகர் கொடுத்த தாளை அவளே படித்தாள், அவளே கடைப்பிடித்தாள். போட்டதை அவர் தின்றார்.

சாயங்காலம் காளியாத்தாள் வந்து சேர்ந்தாள். அறுபது வயது, திடமான உடம்பு. ஒரு சாக்குப் பையை இறக்கி வைத்தாள்.

"ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுட்டே? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு."

"வாங்க்கா. பையில என்னுங்க?"

"எளநி நாலு. அட, மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத கண்ணு, எனக்குத் தெரியாதா? தண்ணிய நாங் குடிச்சுக்கறேன். வழுக்கைய நீ தின்னு. அதுல என்ன தண்ணி இருக்குது?"

இளநீர் ஆகாது என்று மையத்தில் எல்லாரும் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். தண்ணீர் என்பதால் ஆகாது என்றுதான் நினைத்திருந்தார். அக்கா சொன்னது அவருக்குச் சரியாகப் பட்டது. அவள் அரிவாளால் சீவி, அண்ணாந்து குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்து, ஒட்டிலிருந்து வழுக்கையைச் சுரண்டிக் கொடுத்தாள். வெள்ளையாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒரு வருடமாக இப்படி எதையும் அவர் விரும்பித் தின்றதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளுப் பருப்பைக் கெட்டியாகக் கடைந்தாள். கொள்ளு உடம்பிலிருக்கிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. சளி பிடித்தால், உடம்பு ஊதினால், அதுதான் மருந்து. தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரையைச் சுருளச் சுருள வதக்கினாள். மதியம் அது, இரவும் அது.

"தண்ணி ஒரு சொட்டு உடலையே. வெறுஞ் சட்டியிலயே வதக்கி எடுத்தேன்," என்றாள் பெருமையாக.

"மயிலா பண்றது சப்புன்னு இருக்குமுங்க்கா. இது நல்லாருக்குது."

"அவ வேலைக்குப் போறவ, பாவம். நீ தின்னு."

ஒவ்வொரு வேளையும் அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கால்வாசிதான் குறைந்திருந்தது. தாகம் எடுத்தபோது ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கினார். இரண்டு பேரும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். பயம் மனிதனை எச்சரிக்கையாக்கும் என்பார்கள். ஒரு பக்கத்தில்தான் ஆக்கும். காவலை முழுக்க முன்வாசலில் நிறுத்திவிடும்.

திங்கட்கிழமை, தீபாவளி. தெருவில் வெடிச் சத்தம் தொடங்கியபோது அவர் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒன்றே கால் கிலோதான் ஏறியிருந்தது. இரண்டு நாள் இடைவெளியிலேயே இரண்டரை ஏறும் உடம்பு. இறங்கி, மறுபடி ஏறினார். அதே எண். கால் வீங்கவில்லை. மூச்சு சீராக இருந்தது.

"அக்கா, நாளைக்கு வரைக்கும் தாங்குமுங்க!" என்றார். அவர் சிரித்ததை அந்த ஆண்டில் பார்த்த ஒரே ஆள் காளியாத்தாளாகத்தான் இருக்கும். பண்டிகையும் அதுவுமாக ஒரு வழுக்கையைக் கூடுதலாகச் சுரண்டி நீட்டினாள்.

பத்து மணிக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். எழவில்லை. எழுந்ததாக நினைத்தார், கால் எழவில்லை. நனைந்த துணி போல் இரண்டு காலும் தொங்கின. வலி இல்லை, மூச்சு முட்டவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. நெஞ்சுக்குள் இதயம் ஒரு தடவை அடித்துவிட்டு, அடுத்ததை அடிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது போல் நின்றது. பிறகு அடித்தது.

இந்த மரணத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு வருடமாக ஒத்திகை பார்த்தது வேறு மரணத்துக்கு.

போனை எடுத்து ரோஸ்மேரியைக் கூப்பிட்டார். விரல் தடுமாறியது; அக்கா வாங்கி, அவர் சொன்ன இடத்தை அழுத்தி, சத்தமாக வைத்து அவர் மடியில் வைத்தாள்.

"சிஸ்டர், நாச்சிமுத்துங்க. காலு வர மாட்டேங்குதுங்க."

"மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்க. எடையும் ஒன்னே கால்தான் ஏறிருக்குது."

அந்தப் பக்கம் ஒரு வெடி வெடித்து அடங்கியது. "வெள்ளிக்கெழமையிலருந்து என்ன சாப்புட்டீங்க? ஒன்னு விடாமச் சொல்லுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். கையில் கரண்டியோடு, போனை நோக்கிக் குனிந்து நின்றாள். கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. இட்லி, ரசம் என்று சொல்லலாம். சொன்னால் அக்காவுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். ரோஸ்மேரிக்கும் ஒன்றும் தெரியாமல் போகும்.

"கொள்ளுங்க," என்றார். "முருங்கக் கீரை. எளநி வழுக்கை... நாலஞ்சு தடவ."

"கர்த்தரே" என்று மெதுவாகக் கேட்டது. "அண்ணா, இப்பவே நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும், அங்க லீவு கெடயாது. போனதும் டயாலிசிஸ் பேசன்ட்டு, பொட்டாசியம் ஏறியிருக்குதுன்னு சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க, பேரெல்லாம் அப்பறம்."

"தண்ணிதான் ஆகாதுன்னு நெனச்சு..."

"தண்ணி வேற, இது வேறங்க. பொட்டாசியம் அந்தக் கீரையிலயும் கொள்ளுலயும் வழுக்கையிலயும்தான் இருக்குது, சேந்துச்சுன்னா நெஞ்சு நின்னுரும். வைங்க, போன் பண்ணுங்க!"

கரண்டி தரையில் விழுந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தெருவெல்லாம் சிவப்புக் காகிதம், புகை. சரவெடி வைத்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். உள்ளே அவர் தன் இதயத்தைக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு வெடிக்கும் அது ஒரு துடிப்பை விட்டுவிடுவதாகத் தோன்றியது. கோடி போடாத கை என்று ஒரு எண்ணம் வந்தது. மூலனூரில் இந்நேரம் மாமனாருக்கு மூன்றாம் நாள் காரியம் நடந்துகொண்டிருக்கும். சாவு வீட்டைத் தவிர்த்துவிட்டால் சாவைத் தவிர்த்துவிடலாம் என்று தான் நிஜமாகவே நம்பியிருந்தோமோ என்று நினைத்தார். காளியாத்தாள் அவர் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவர் அதை உணரவில்லை, பார்த்தார்.

மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர் ஒட்டி எடுத்த ஈசிஜி தாளைப் பார்த்ததும் இளம் டாக்டர் ஒருவர் ஓடினார். கையில் ஊசி, இன்னொரு ஊசி, பிறகு மெஷின். நடுவில் அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை காளியாத்தாள் முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க செஞ்சு போட்டேன், சாமி. தண்ணி படாமத்தான் செஞ்சேன். எங்கூட்டு எளநிங்க, மருந்தடிக்காத மரமுங்க."

"நல்லதுதாம்மா. நமக்கு நல்லது. இவருக்கு ஆகாது," என்றார் டாக்டர், தாளிலிருந்து கண் எடுக்காமல். "இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது இரக்கத்தால் என்று சொல்ல முடியாது. அடுத்த படுக்கையில் பட்டாசில் கை வெந்தவர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அவர் அதைத்தான் முதலில் அக்காவிடம் காட்டினார். அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்க் கழுவினாள்.

"நானாடா கண்ணு?" என்றாள்.

"நீங்க இல்லீங்க்கா. திங்கக்கெழமையத் தள்ளிட்டாங்கல்ல."

"கீரையும் வழுக்கையும் இல்லாம இருந்திருந்தா, ஒரு நாளு தள்ளுனதத் தாங்கிருக்குமில்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். உயிர்ப் பயம் காலையிலேயே உண்மையைச் சொல்ல வைத்துவிட்டது. இனிப் பொய் சொல்லி யாருக்கும் பயனில்லை.

மறுநாள் மயிலாள் வந்தாள். அவளும் தன் பங்குக்குத் தலையில் அடித்துக்கொண்டாள்: "நாந்தாஞ் சொல்லாம உட்டுட்டேன்." புதன்கிழமை ரோஸ்மேரி அவர் கையைப் பிடித்து ஊசி போடும்போது, தான் தாராபுரம் போயிருக்கக் கூடாது என்றாள். நாச்சிமுத்து, தான் உணவு ஆலோசகரின் தாளை ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும் என்றார். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தும் காளியாத்தாளின் பங்கு குறையவில்லை. அவள் செவ்வாய்க்கிழமை மதியமே உடுமலை பஸ் ஏறிவிட்டாள். மயிலாள் எவ்வளவு சொல்லியும் சாப்பிடவில்லை.

ராக்கையா கமுதியிலிருந்து ஐந்து கிலோ ஏறி, முகம் பூசணிக்காயாக ஊதி வந்து, மூச்சு வாங்கியபடி படுத்தார். மோர், கறிக்குழம்பு, கலர் சோடா என்று எல்லாவற்றையும் குடித்ததாகச் சொன்னார். நடந்ததைக் கேட்டார். "நான் குடிச்சதுக்கு நானுல்ல போயிருக்கணும்," என்றார். அவர் போகவில்லை. இதில் நியாயம் தேடுவது வீண்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நாச்சிமுத்துவின் போன் அடித்தது. காளியாத்தாள்.

"மிஷினுல ஏறிட்டியா?"

"ஏறிட்டேனுங்க்கா."

"நேத்து என்ன தின்னே?"

சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எது ஆகும், எது ஆகாது என்று மயிலாளிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். போனை வைத்தாள். அடுத்த திங்கள், புதன், வெள்ளி, அதே நேரம், அதே இரண்டு கேள்வி. விளையாட்டுப் பேச்சு, வெயில், மழை எதுவும் இல்லை. முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுகிறவள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை ஆறரைக்குப் போன் வரவில்லை. டெல்லியில் செங்கோட்டை அருகே கார் வெடித்ததைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ராக்கையா ஏதோ சொன்னார். நாச்சிமுத்து காதில் விழவில்லை. ஏழு மணி. ஏழரை. அறுபது வயது. தனியாகத் தோப்பில் இருக்கிறவள். மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மயிலாள் சொல்லியிருந்தாள். ஊசி போட்ட இடக்கையை அசைக்காமல், வலக்கையால் போனை எடுத்து நெஞ்சில் வைத்து எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். நெஞ்சு வேகமாக அடிக்க, மெஷின் கீச்சென்று கத்தியது. ரோஸ்மேரி ஓடிவந்தாள்.

"பிரஷர் ஏறுதுங்க. என்னுங்க ஆச்சு?"

"அக்கா எடுக்க மாட்டேங்கறாங்க சிஸ்டர். எடுக்க மாட்டேங்கறாங்க."

எட்டு மணிக்கு அடித்தது. கை நடுங்கியது, இருபத்தைந்து ஆண்டு கத்தி பிடித்த கை.

"அக்கா! எங்க்கா போனீங்க?"

"தோப்புக்குத் தண்ணி உடப் போயிருந்தேன் கண்ணு. கரண்டு இன்னிக்குக் காலையிலதான் குடுத்தான். போனு ஊட்டுல கெடந்துச்சு." அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது, ஓடிவந்திருக்க வேண்டும். "ஏஞ்சாமி, அழுவுறியா?"

அவர் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அட, நாங் கெடக்கறேன் போ, கல்லாட்ட. நீ கையி ஆட்டாமப் படு." பிறகு, மூன்று வாரத்துக்குப் பின் முதல்முறையாக, வேறொன்று கேட்டாள். "அங்க மழை பேஞ்சுதா?"

"இல்லீங்க்கா," என்றார் நாச்சிமுத்து. "அங்கீங்க?"